யார் கை பட்ட கடிகாரம்?

பல் டாக்டர் மறுபடியும் வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து மாமனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. மருமகளுக்கோ தலை கொதித்துக்கொண்டிருந்தது.

இந்தக் குடும்பத்துக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கீழே கடை, மேலே வீடு. கடையில் விற்பது கப்பல் கடிகாரங்கள். உடைப்பதற்காகக் கரையேற்றிய பழைய கப்பல்களிலிருந்து கழற்றி வந்த கனத்த பித்தளைக் கடிகாரங்கள். சுவரில் மாட்டுகிறவை, மரப்பெட்டிக்குள் உட்காருகிறவை, மணி அடிக்கிறவை, அடிக்காமல் முறைக்கிறவை. இவற்றை யாரும் நேரம் பார்ப்பதற்காக வாங்குவதில்லை. சேகரிக்கிறவர்கள் மோப்பம் பிடித்துத் தேடி வந்து வாங்குகிறார்கள்.

துறைமுகம் துறைமுகமாக அலைந்து சரக்கு பிடிப்பது மாமனார். ஓடாததை ஓடவைப்பது மருமகள். அளவைக் கருவிகளைப் பற்றிப் படித்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் பொழுது போகாமல் கடைக்கு இறங்கி வந்தாள். வேலை மேஜை முன்னால் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அவள் கணவன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறான். கடிகாரத்தில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அலாரத்தை அணைப்பது.

ஆனால் யார் வந்து கேட்டாலும் மாமனார் சொல்லும் பதில், "எல்லாம் நம்ம பையன் கைவேலைங்க" என்பதுதான்.

முன்பு ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்த்தார். கேட்ட ஆள், "பொம்பளை கையிலயா கொடுத்தீங்க?" என்று கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து பையன் கைவேலை.

பல் டாக்டர் வாங்கிப் போனது ஒரு ரேடியோ அறைக் கடிகாரம். அதன் டயலில் சிவப்பிலும் பச்சையிலும் சின்னச் சின்னத் துண்டுகள் இருக்கும். முள் அந்த நிறத்துக்குள் இருக்கும்போது கப்பலில் யாரும் செய்தி அனுப்பக் கூடாது. வாயை மூடிக்கொண்டு, எங்காவது யாராவது ஆபத்தில் கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். "இந்த வீட்டுக்கு ஒண்ணு மாட்டும்மா. உன் மாமா வாய் கொஞ்ச நேரமாவது மூடியிருக்கும்" என்று மாமியார் அப்போதே மருமகளிடம் சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

கடிகாரம் பிசகாமல் ஓடுகிறதாம். டாக்டர் போன் செய்தார். அவரிடம் இன்னொரு கடிகாரம் இருக்கிறது. யாராலும் சரி செய்ய முடியாதது. அதைக் கொண்டு வருகிறார். இதைச் சரி செய்துவிட்டால் அவருடைய நண்பர்கள் வட்டமே கடிகாரங்களை இங்கே அனுப்பும்.

"ஆனா ஒண்ணு, முதல்ல அந்தக் கையை நான் பார்க்கணும்" என்றார் டாக்டர்.

"அதுக்கென்ன, வாங்க!" என்றுவிட்டார் மாமனார்.

*

காலையில் சமையலறை வாசலில் நின்றே உத்தரவு பிறந்தது.

"தம்பி, இன்னைக்கு லீவு போட்டுடு. கீழ மேஜையில உக்காரு. டாக்டர் வந்து பேசிட்டுப் போற வரைக்கும்தான்."

கணவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவன், பாதியில் நிறுத்தினான். "அப்பா, எனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். உக்காந்தாப் போதும்."

"உக்கார்றது அவனுக்கு நல்லா வரும்" என்றாள் மாமியார், அடுப்பிலிருந்து திரும்பாமல்.

மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "மாமா, அந்த ஆள் கையைப் பார்க்கணும்னுதானே கேட்கிறாரு? என் கையைக் காட்டினா என்ன?"

"அம்மாடி, உனக்குப் புரியல. வியாபாரம் வேற."

"கடிகாரம் ஓடுது. அவருக்குப் பிடிச்சிருக்கு. இதுல வியாபாரத்துக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"முதல்ல பையன்னு சொல்லிட்டேன். இப்ப மருமகள்னு சொன்னா, அன்னைக்கு ஏன்யா பொய் சொன்னேன்னு கேட்க மாட்டான்?"

"கேட்பாரு."

"அதான். கேட்க வைக்க வேணாம்னு சொல்றேன். இந்த ஒரு தடவை."

இந்த ஒரு தடவை! அவள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எத்தனையோ ஒரு தடவைகளைப் பார்த்துவிட்டாள். தொண்டை வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு கீழே இறங்கினாள். விழுங்கி விழுங்கியே வயிறு நிறைந்துவிடும் போலிருந்தது.

கணவன் பின்னாலேயே வந்தான். வேலை மேஜை முன் உட்கார்ந்தான். வேறொருவர் நாற்காலியில் உட்கார்ந்தவன் மாதிரி நுனியில் உட்கார்ந்தான்.

"இந்த லென்ஸைக் கண்ணுல செருகிக்கங்க. புருவத்தை இறக்கி இறுக்கிப் பிடிக்கணும்."

"இப்படியா?"

லென்ஸ் நழுவி அவன் டீயில் விழுந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததே கோபமாகவும் இருந்தது. லென்ஸை எடுத்துத் துடைத்துக் கழுத்தில் மாட்டிவிட்டாள். "வேணாம், தொங்கினாப் போதும். எந்தத் திருகாணியையும் தொடாதீங்க. ஏதாவது கேட்டா, 'பார்த்துட்டுச் சொல்றேன்'னு சொல்லுங்க."

"ஆபீஸ்ல நான் தினமும் சொல்றதே அதுதான்."

அவள் சின்ன ஸ்க்ரூ டிரைவர்களை வரிசையாக அடுக்கினாள். தன் மேஜையைத் தானே இன்னொருவருக்கு ஜோடித்துக் கொடுக்கிறோமே என்று கை நின்றது.

"இங்க பாரு" என்றான் அவன் மெதுவாக. "எனக்கும் இது பிடிக்கல. கடைக்கு வர்றவங்க கையைக் குலுக்கிப் பாராட்டறப்ப, உன் சம்பளத்தை நான் கையெழுத்துப் போட்டு வாங்கற மாதிரி கூச்சமா இருக்கு."

"அப்படின்னா சொல்லிடுங்களேன்."

"யார்கிட்ட? அப்பாகிட்டயா?"

அவன் கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் டப்பாவை அவள் கொஞ்சம் பலமாகவே மூடினாள்.

*

டாக்டர் ஒல்லியான மனிதர். குளியல் துண்டில் சுற்றிய கடிகாரத்தைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். மாமனாரின் வரவேற்புரை முடிவதற்குள் நேராக மேஜைக்கு வந்து, கணவனைப் பார்த்து, "கையைக் காட்டுங்க" என்றார்.

அவன் பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டினான்.

"ரொம்ப மிருதுவா இருக்கே!"

"கையுறை போட்டுக்கிட்டுத்தான் வேலை செய்வான் டாக்டர்" என்றார் மாமனார் சட்டென்று.

மருமகளை மேலே போகச் சொல்லியிருந்தார்கள். அவள் போகவில்லை. கடையின் பின்பக்கம், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அலமாரிக்கு அந்தப் பக்கம், துடைத்ததையே துடைத்துக்கொண்டு நின்றாள். இடைவெளி வழியாகக் கணவனின் முதுகும் டாக்டரின் முகமும் தெரிந்தன. 'கையுறை' காதில் விழுந்ததும் துணியைக் கசக்கிப் பிடித்தாள். பற்சக்கர அச்சின் நுனியைக் கையுறையோடு யார் பிடிப்பார்கள்?

டாக்டர் துண்டைப் பிரித்தார். கறுத்துப்போன பித்தளை, தடித்த கண்ணாடி, டயலில் சாவி நுழைக்க இரண்டு துளைகள். ஒன்று ஓடுவதற்கு, இன்னொன்று மணி அடிப்பதற்கு.

"கப்பல் மணிக்கணக்கு உங்களுக்குத் தெரியாததா? அரை மணிக்கு ஒரு அடி கூடிக்கிட்டே போய், எட்டு அடிச்சா ஒரு காவல் முடியும். அடுத்த ஆள் வந்து நிப்பான். இது எட்டு அடிக்க வேண்டிய இடத்துல ஏழு அடிக்குது. எத்தனையோ பேர்கிட்ட கொடுத்துப் பார்த்துட்டேன். சரியாயிடுச்சும்பாங்க. வீட்டுக்குக் கொண்டு போய் மாட்டினா மறுபடி ஏழு. பைத்தியம் பிடிக்குதுங்க. அந்தக் கடைசி அடிக்காகக் காத்துக்கிட்டே உக்காந்திருக்கேன், சோறு இறங்க மாட்டேங்குது. என்ன நினைக்கிறீங்க?"

"பார்த்துட்டுச் சொல்றேன்" என்றான் கணவன்.

"அதான் பாருங்க."

கணவன் பார்த்தான். டாக்டரும் பார்த்தார். மாமனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்து முடித்த பிறகும் கணவன் ஒன்றும் சொல்லவில்லை.

"நானே திறந்து கொடுத்துடறேன்" என்று டாக்டர் பின்பக்கத் திருகாணிகளைப் பழகிய விரலால் கழற்றி, உள்ளிருந்த இயந்திரத்தை அப்படியே வெளியே எடுத்து அவன் முன் வைத்தார். இரண்டு பித்தளைத் தகடுகள், நடுவே நெரிசலாகச் சக்கரங்கள், இறுக முறுக்கிய இரண்டு ஸ்பிரிங்குகள். "நேத்துதான் முழுசா சாவி கொடுத்தேன். இங்க அடிச்சுக் காட்டணுமில்ல?"

அலமாரிக்குப் பின்னால் மருமகள் துடைப்பதை நிறுத்தினாள்.

"ம்... தம்பி, வேலையை ஆரம்பி" என்றார் மாமனார். அந்தக் குரலில் அதட்டலும் கெஞ்சலும் கலந்திருந்தன.

சும்மா இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று கணவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏதாவது செய்கிற மாதிரி காட்டினால் போதும் என்று நினைத்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். இருப்பதிலேயே பெரிய திருகாணி எது என்று பார்த்தான். இரண்டு தகடுகளையும் சேர்த்துப் பிடித்திருக்கிற திருகாணி அது. அதில் வைத்து ஒரு திருகு திருகினான். இடது கை விரல்கள் தகடுகளுக்கு நடுவே இருந்தன.

"கையை எடுங்க!"

அந்தச் சத்தம் தன்னுடையதுதான் என்று அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. அட்டைப்பெட்டிகள் சரிந்தன. ஓடி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"முழுசா முறுக்கியிருக்கு! ஸ்பிரிங் இறக்காம தகட்டைக் கழட்டினா வெடிச்சுத் தெறிக்கும். விரல் போயிடும். சக்கரத்துல ஒரு பல் மிஞ்சாது."

கணவன் கையை மடியில் ஒளித்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தான்.

தளர்ந்த திருகாணியை அவள் மறுபடி இறுக்கினாள். சாவியை நுழைத்து உள்ளங்கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பற்சக்கரத்தைத் தடுத்து நிறுத்தியிருந்த கொக்கியை இன்னொரு கையால் விலக்கினாள். சாவி அவள் கைக்குள் திமிறியது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சுழலவிட்டாள், நிறுத்தினாள், மறுபடி விட்டாள். முதல் ஸ்பிரிங் முழுவதும் தளர்ந்தது. பிறகு இரண்டாவது.

"நீங்க யாரு?" என்றார் டாக்டர்.

"இந்த வீட்டு மருமக."

"அது வீட்டுக்கு. கடைக்கு யாரு?"

அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவன் நாற்காலியிலிருந்து எழுந்து ஒதுங்கி நின்றான்.

"வேலையெல்லாம் செய்யறது நான்தான் டாக்டர். உங்க ரேடியோ அறைக் கடிகாரத்தையும் நான்தான் செஞ்சேன்."

இந்த வாக்கியத்தை அவள் மனசுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். சொன்னவுடன் எதிரே இருப்பவர் முகம் மலரும், "அடடா, நீங்களா!" என்று கும்பிடுவார், மாமனார் தலை குனிவார். அப்படித்தான் எப்போதும் முடியும்.

டாக்டர் முகம் மலரவில்லை. கல் மாதிரி ஆகிவிட்டது.

"அப்ப என்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க."

"டாக்டர், அது வந்து..." என்று மாமனார் முன்னால் வந்தார்.

"யார் செஞ்சாங்கங்கறது எனக்குப் பெரிசில்ல. குரங்கு செஞ்சிருந்தாலும் வாங்குவேன். ஆனா யார் செஞ்சாங்கன்னு கேட்டேன், பொய் சொன்னீங்க. இந்தக் கடிகாரங்களை நாங்க எதை நம்பி வாங்கறோம்? நீங்க சொல்ற வாயை நம்பித்தான். அது எந்தக் கப்பல்லேர்ந்து வந்துச்சு, உள்ள இருக்கிற இயந்திரம் அதோடதுதானா, டயல் அதோடதுதானா, எல்லாம் வாய் வார்த்தை. அதுல ஒண்ணு பொய்யின்னா, மத்ததை நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"கடிகாரம் ஓடுதே டாக்டர்!" என்றாள் மருமகள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "ஓடுது. நல்லாவே ஓடுது. நீங்க அந்த அலமாரிக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? அவர் விரல் போகப்போவுதுன்னதும் வெளிய வந்தீங்க. இல்லேன்னா?"

அவள் கையிலிருந்த சாவியை மேஜையில் வைத்தாள்.

டாக்டர் இயந்திரத்தைக் கூட்டுக்குள் வைத்து, துண்டில் சுற்றினார். "ரேடியோ கடிகாரத்தைத் திருப்பி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே மார்போடு அணைத்துக்கொண்டு போனார். கடைக் கதவு தன்பாட்டுக்கு ஆடி நின்றது.

*

"ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா? மெதுவா வந்து ஒரு சாக்குச் சொல்லித் தடுத்திருக்கக் கூடாதா?" மாமனார் குரல் கிளம்பியது. "ஊர் முழுக்கக் கேட்கற மாதிரி கத்தணுமா?"

"உங்க பையன் விரல் மாமா!"

"விரல் போனா தைச்சுக்கலாம், வியாபாரம் போனா தைக்க முடியாதுங்கறாரு" என்றாள் மாமியார் மாடிப்படியிலிருந்து. சத்தம் கேட்டுப் பாதிப்படி இறங்கி வந்திருந்தாள்.

"நீ சும்மா இரு. எல்லாரும் சேர்ந்து கடையைக் கவுத்துட்டீங்க. அந்த ஆள் வட்டம் பூரா சொல்லிடுவான். துருவும் உப்பும் ஏறின கப்பல்ல குனிஞ்சு நிமிந்து நான் கழட்டிட்டு வர்றேன். இவன் ஒழுங்கா உக்காரக் கூட லாயக்கில்ல. அந்த ஆள் பேச்சைப் பாரு, குரங்காம்! நாக்குல நரம்பில்லாம பேசறான்."

அவர் எல்லாவற்றுக்கும் பாய்ந்தார். டாக்டரின் துண்டுக்கு, குரங்குக்கு, பையனின் மிருதுவான கைக்கு, சரிந்த அட்டைப்பெட்டிகளுக்கு. மருமகள் பெட்டிகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க ஒன்று உறுத்தியது. டாக்டர் சொன்னதில் ஒன்றே ஒன்றை மட்டும் மாமனார் தொடவே இல்லை.

"மாமா, அந்த ரேடியோ கடிகாரத்தோட டயல் அதோடதுதானே?"

"இப்ப அது எதுக்கு?"

"கூடு என்கிட்ட வந்தப்ப டயல் இல்ல. சுத்தம் பண்ண எடுத்துட்டுப் போனதா சொன்னீங்க. திரும்பக் கொண்டு வந்தப்ப பளிச்சுன்னு இருந்துச்சு. இவ்வளவு பளிச்சுன்னு இருக்கேன்னு அப்பவே கேட்டேன். நல்லாத் துடைச்சேன்னீங்க."

"துடைச்சேன்தான்."

"எதைத் துடைச்சீங்க?"

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தார். பையன் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி.

"பழசு கொப்புளம் கொப்புளமா உரிஞ்சு கிடந்துச்சு. சிவப்பு எது, பச்சை எதுன்னு தெரியல. அதே கம்பெனி டயல் வேற ஒண்ணு உடைஞ்ச கடிகாரத்துல இருந்துச்சு. மாத்தினேன். இதுல என்ன குத்தம்? கொப்புளம் வந்த டயலை எவன் வாங்குவான்?"

"அதைத்தான் மாமா வாங்குவாங்க! கொப்புளத்தோட, உரிஞ்சதோட, அப்படியே. அதுக்காகத்தானே அலையறாங்க! பளிச்சுன்னு வேணும்னா புதுசா ஒண்ணு கடையில வாங்க மாட்டாங்களா?"

"தெரியாத மாதிரி பேசாதே. நான் இந்தத் தொழில்ல..."

"சீட்டு எழுதினது நான்!" அவள் குரல் உடைந்தது. "எல்லாப் பாகமும் அசல்னு என் கையால எழுதிக் கட்டி அனுப்பினேன். செஞ்சது நான்னு சொல்லத்தான் எனக்கு வழியில்ல. சொன்ன பொய் மட்டும் என் எழுத்துல போயிருக்கு!"

மாமியார் பாதிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடையில் இருந்த அத்தனை கடிகாரங்களும் ஆளுக்கொரு பக்கம் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தன.

"பழைய டயல் எங்க மாமா?"

"எங்கயோ போச்சு."

"எங்கயோன்னா?"

"எங்கயோன்னா எங்கயோ. நினைவில்ல."

அவள் செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"டாக்டர்கிட்ட. டயல் மாத்தினதுன்னு சொல்லப் போறேன். அவரா கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி."

மாமனார் எழுந்துவிட்டார். "நீ போய்ச் சொல்லிட்டேன்னா, இந்த மேஜையில உனக்கு வேலை இல்ல."

"இந்த மேஜையில எனக்கு எப்ப மாமா வேலை இருந்துச்சு? உங்க பையனுக்குத்தானே இருந்துச்சு?"

அவள் வாசலைத் தாண்டினாள். பின்னால் கணவனின் குரல் கேட்டது. "அப்பா, அவளைப் போக விடுங்க." அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அப்பாவிடம் சொன்னான்.

*

டாக்டரின் மருத்துவமனையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெஞ்சு நிறைய ஆட்கள். உள்ளேயிருந்து இயந்திரம் கிர்ரென்று சத்தம் போடும்போதெல்லாம் பெஞ்சு மொத்தமும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. பல்லுக்காக வரவில்லை என்று சொன்னதால் அவளுக்குக் கடைசி இடம். பல்வலிக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்த் திரும்பினார்கள். சாயங்கால வெயில் தரையில் நீண்டு, சுருங்கி, போயேவிட்டது.

உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் பேச வேண்டியதைத் தயார் செய்தாள். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. டாக்டரின் மேஜையில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. துண்டில் சுற்றியது ஒன்று. திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டிக்குள் வைத்த ரேடியோ கடிகாரம் ஒன்று.

"அதோட டயல் அதோடது இல்ல டாக்டர்" என்றாள் நின்றபடியே. "அதே கம்பெனியோட வேற டயல். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். ஆனா அசல்னு எழுதினது நான். அது பளிச்சுன்னு இருக்கறப்பவே எனக்கு உறுத்துச்சு. அழுத்திக் கேட்டிருக்கணும். கேட்கல."

டாக்டர் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

"இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"உங்க மாமாவுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன்."

அவர் ரேடியோ கடிகாரத்தை வெளியே எடுத்து, பல் பார்க்கும் விளக்கை அதன் மேல் திருப்பினார். அந்த வெளிச்சத்தில் எல்லாமே தெரிந்தது. கூட்டில் ஏறியிருந்த கறுப்பு, கடல் உப்பு அரித்த புள்ளிகள், நடுவே வெள்ளையாக அந்த டயல். கிழவன் வாயில் புதுப் பல் கட்டின மாதிரி இருந்தது. பல் டாக்டருக்கே தெரியாமல் போய்விட்டதே என்று அவளுக்குத் தோன்றியது. அவருக்கும் அதேதான் தோன்றியிருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"பழைய டயல் எங்கே?"

"மாமா நினைவில்லைங்கறாரு."

"அது கிடைச்சா இந்தக் கடிகாரத்தை நான் வெச்சுக்கறேன். எவ்வளவு கெட்டுப் போயிருந்தாலும் பரவாயில்ல. கிடைக்கலேன்னா திருப்பி எடுத்துக்கங்க." துண்டைக் காட்டினார். "இது உங்க கடைக்கு வராது. உங்க மாமா கைக்கு இனி நான் எதையும் கொடுக்க மாட்டேன். நீங்க இங்க வந்து செய்யறதா இருந்தா செய்யலாம். பின்னாடி ஒரு அறை சும்மாதான் கிடக்குது. இப்ப பதில் சொல்ல வேணாம்."

பாராட்டு இல்லை, மன்னிப்பு இல்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்கிறார்களே, எங்கே? மாமனாரின் கடையிலிருந்து டாக்டரின் பின்னறைக்கு. இரண்டிலும் நாற்காலி அவளுடையது இல்லை. போதாததற்கு அந்த அடிக்காத எட்டாவது அடி வேறு. அந்த எட்டு ஏன் ஏழாகிறது என்று ஸ்பிரிங் இறக்கும்போதே கண்ணில் ஏதோ பட்டது. முழுசாகப் பார்ப்பதற்குள் துண்டைச் சுற்றிவிட்டார்.

போன் அடித்தது. கணவன்.

"எங்க இருக்க?"

"பஸ்ஸுக்கு நிக்கறேன். என்ன?"

"அப்பா..." என்று தயங்கினான். "நீ போனதும் ஷட்டரை இறக்கிட்டாரு. உள்ள எல்லாத்தையும் இழுத்துப் போட்டுத் தேடிக்கிட்டு இருக்காரு. பரண்ல ஏறி, பழைய பெட்டியெல்லாம் கவுத்து, தலையெல்லாம் ஒட்டடை. என்ன தேடறீங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. சாப்பிடவும் வரல. அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ஞ்சுட்டாங்க."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இருக்கியா?"

"ம்."

"அந்த டயலைத்தான் தேடறாருன்னு நினைக்கிறேன். வயசான காலத்துல, பரண்ல... பாவமா இருக்கு. நானும் ஏறித் தேடட்டுமா?"

"ஏணியை மட்டும் பிடிச்சுக்கங்க" என்றாள். "வேற எதுவும் செய்யாதீங்க. அவரே தேடட்டும்."

வீட்டுக்குப் போகிற பஸ் வந்து நின்றது. உட்கார இடமும் இருந்தது. கண்டக்டர், "ஏறுங்கம்மா" என்றார்.

"நீங்க போங்க" என்று கையைக் காட்டினாள். "நான் அடுத்ததுல வர்றேன்."